தகட்டை மூடிய கை

பெய்ஷென் இறந்த மறுநாள் மத்தியானம். முற்றத்தில் அடித்திருந்த கம்பளிக் கூடாரத்துக்குள், திரைக்கு அந்தப் பக்கம் அவன் கிடந்தான். இந்தப் பக்கம் கறுப்பு உடையும் கறுப்பு முக்காடுமாக அவன் மனைவி குலாயிம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிணம் இருக்கும் கூடாரத்தில் எவன் தீ மூட்டுவான்? குளிர் கம்பளிக்குள் இறங்கி முட்டியைக் கடித்தது. ரஷ்யாவில் வேலை பார்க்கும் மகன் எர்மெக் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். அவன் வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுப்பார்கள். அதுவரை விதவை கூடாரத்தை விட்டு நகரக் கூடாது.

வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "மாரடைப்பு. தூக்கத்துலயே போயிட்டான். கொடுத்து வச்சவன். முகத்தைப் பாரு, குளிச்சுட்டு வந்து படுத்த மாதிரி செவந்து கிடக்கு." டாக்டரும் அறுபது வயது மினிபஸ் டிரைவரான அவன் உடம்பை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, இதயம் என்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சிவப்பு குலாயிமுக்குத் தெரிந்த சிவப்பு. நாரின் மலையில் அவள் சிறுமியாக இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு குடும்பத்தையே தூக்கிப் பனியில் கிடத்தினார்கள். எல்லாருக்கும் இதே கன்னம். கரிக்காற்று! வாசனை கிடையாது, நிறம் கிடையாது, ஒரு இருமல்கூட வராது. தலை வலிக்கும், தூக்கம் வரும், பிறகு ஆள் எழுந்திருக்க மாட்டான்.

தலைநகர் பிஷ்கெக்கின் ஓரத்தில் இந்த வீட்டைப் புருஷனும் பெண்டாட்டியுமாக மண்ணைக் குழைத்துக் கல் அறுத்துக் கட்டினார்கள். பழைய மரச் சன்னல்கள். குளிர்காலம் வந்தால் சந்தெல்லாம் பஞ்சு திணித்துக் காகிதம் ஒட்டுவாள் குலாயிம். அப்படியும் காற்று எங்கிருந்தாவது நுழைந்துவிடும், பெய்ஷென் திட்டித் தீர்ப்பான். நம் சனங்களுக்கு வீட்டுக்குள் ஊசி நுழையும் ஓட்டை இருந்தாலும் பொறுக்காதே! போன இலையுதிர் காலத்தில் மகன் அனுப்பிய பணத்தில் பிளாஸ்டிக் சன்னல் போட்டார்கள். மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் பிடித்தால் சுடர் ஆடவில்லை. பெய்ஷென் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டான். அதற்கப்புறம் இருவருக்கும் காலையில் தலைவலி. கண்ணேறு பட்டுவிட்டது என்று குலாயிம் அந்த அடைத்த வீட்டுக்குள்ளேயே மலைத்தழையைக் கொளுத்திப் புகை போட்டாள். அட, அறிவே!

முந்தாநாள் இரவு பெய்ஷென் முதுகுவலி என்று அடுப்பறையில் படுத்தான். "கரி விக்கிற விலையில சூடெல்லாம் புகைபோக்கி வழியா ஆகாயத்துக்குப் போகுது. தகட்டை மூடேன்டி," என்றான். அடுப்பைத் திறந்து பார்த்தாள். தணலின் மேல் நீலச் சுடர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நீலம் அடங்கும் வரை மூடக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தூக்கத்தில் கண் சொக்கியது. புகைபோக்கியின் இரும்புத் தகட்டை உள்ளே தள்ளி மூடிவிட்டு, கடைசி அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சொல்லிவிடலாம் என்று நினைக்காமலில்லை. சொன்னால் மூடினது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. அது எர்மெக்கின் காதுக்குப் போகும். அப்பன் முகத்தைப் பார்க்க ஓடிவரும் பிள்ளை அதன்பிறகு அம்மாவின் முகத்தைப் பார்ப்பானா? இதயம் என்று எழுதியாயிற்று, மண்ணுக்குள் போகட்டும் என்று வாயை இறுக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் நாத்தனார் சூரா கூடாரத்துக்குள் வந்தாள். பெய்ஷெனின் அக்கா. அழுதழுது தொண்டை கட்டியிருந்தாலும் அதிகாரம் குறையாதவள். நாரினிலிருந்து ராத்திரி முழுக்கக் காரில் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தாள்.

"பிள்ளைங்க நடுங்கிப் போச்சுங்க," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்தபடி. "உன் அடுப்பறையில படுக்க வச்சுட்டேன். நேத்துலேருந்து வர்றவன் போறவன்னு கதவு ஆடிக்கிட்டே இருந்துச்சு, அறை எங்க சூடாகும்? ரெண்டு வாளி கரியைக் கொட்டி, நல்லா எரியவிட்டு, தகட்டையும் மூடிட்டேன். கதவையும் சாத்திட்டேன். மூணும் அசந்து தூங்குது."

குலாயிம் சூராவின் கையை இறுகப் பிடித்தாள்.

"அண்ணி, தகட்டைத் திறங்க. போய்த் திறங்க அண்ணி!"

"என்னடி இது? சூடு போயிடும்."

"போகட்டும்! பிள்ளைங்களை வெளிய தூக்குங்க!"

"இந்தப் பனியிலயா? புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு? புருஷன் பக்கத்துல கிடக்கான், நீ அடுப்பைப் பத்திப் பேசுற. அழுடி, அழுதா மனசு ஆறும்."

குலாயிம் எழுந்து வாசலுக்கு ஓடினாள். இரண்டு அண்டை வீட்டுப் பெண்கள் இடுப்பைக் கட்டிப்பிடித்து உட்கார வைத்தார்கள். "பாவம், துக்கம் தலைக்கேறிடுச்சு," "பிணம் எடுக்கறதுக்கு முன்னாடி வெளிய போகக் கூடாதும்மா," என்று ஆளுக்கொரு பக்கம் தடவிக் கொடுத்தார்கள். கத்தினாள். கத்தக் கத்த அவர்கள் பிடியை இறுக்கினார்கள். துக்க வீட்டில் பெண்பிள்ளை கத்துவதை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஆண்கள் கூட்டமொன்று முற்றத்தில் நுழைந்தது. "அய்யோ என் தம்பி! அய்யோ என் சிங்கமே!" என்று அவர்கள் அலறிக்கொண்டு வரும்போது உள்ளிருக்கும் விதவை ஒப்பாரியால் பதில் சொல்ல வேண்டும். அவள் பாடும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். கரண்டி பிடித்தவன்கூட நின்று கேட்பான். குலாயிம் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தாள்.

"ராசா தூங்கயிலே தகட மூடினது என் கையி,
நீலத் தணலுக்கு வழியடச்சது என் கையி,
நெஞ்சு நிக்கலய்யா, கரிக்காத்து கொன்னதய்யா,
அதே அறைக்குள்ள, அய்யோ, மூணு குஞ்சு தூங்குதய்யா!"

முற்றத்தில் அழுகை சட்டென்று நின்றது. அவள் மறுபடி பாடினாள், இன்னும் உரக்க. யாரோ ஒருவன் "அடப்பாவி, பிள்ளைங்க!" என்று கத்தினான். ஓடும் பூட்ஸ் சத்தம், சன்னல் கண்ணாடி நொறுங்கும் சத்தம். சூரா முக்காடு நழுவுவதுகூடத் தெரியாமல் வெளியே பாய்ந்தாள். குலாயிமைப் பிடித்திருந்த பெண்கள் கையை எடுத்துவிட்டார்கள். குலாயிம் நகரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய பையன் பனியில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு அடுத்தவன் அழும் சத்தம். சின்னப் பெண்ணின் சத்தம் மட்டும் இல்லை. அய்யோ, அது கேட்கவே இல்லை. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போனது.

வெகு நேரம் கழித்து சூரா திரும்பி வந்தாள். தலையெல்லாம் பனி.

"கண்ணைத் திறந்துட்டாளாம். ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு."

குலாயிம் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சூரா அவளைத் தொடவில்லை.

"உன்னைக் கட்டிப்பிடிச்சு அழணுமா, கழுத்தை நெரிக்கணுமா, எனக்குத் தெரியலடி. என் பேத்தியைக் கொடுத்துட்டே. என் தம்பியை எடுத்துட்டே."

"ஆமா அண்ணி."

"இன்னிக்கு அந்த அறையில பிள்ளைங்க படுக்கலைன்னா சொல்லியிருப்பியா?"

குலாயிம் தலையை ஆட்டினாள். சொல்லியிருக்க மாட்டாள். இப்போது எதற்குப் பொய்?

கூடாரத்தில் மற்ற பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். கதவோரம் இருந்த ஒருத்தி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "கார் வந்துடுச்சு," என்றாள். சூரா எழுந்தாள்.

"எவனாவது முந்திக்கிட்டு அவன் காதுல ஓதிடுவான். நான் போய்ப் பக்குவமாச் சொல்லவா?"

"வேணாம் அண்ணி."

முற்றத்தில் காலடிகள் தடுமாறி ஓடிவந்தன. "அப்பா! அய்யோ அப்பா!" எர்மெக்கின் குரல். எத்தனை வருடம் கழித்துக் கேட்கிறாள்! அவன் கூடாரத்துக்கு வெளியே நின்று, கம்பளியில் நெற்றியை முட்டி முட்டி அழுதான். விதவை பதில் சொல்ல வேண்டும். குலாயிம் சுவரைப் பார்த்துத் திரும்பி, அதே ஒப்பாரியை முதல் அடியிலிருந்து பாட ஆரம்பித்தாள்.