பூனைக்கு மீன் பொறுக்கித் தந்த அஞ்சலாட்சி அம்மாள்

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி சுமாருக்கு எங்கள் வீட்டுக் கிரில் கதவை யாரோ தட்டினார்கள். அந்த நேரத்தில் எங்கள் கதவைத் தட்டுகிறவர் ஒருவர்தான். அவரும் கையால் தட்டமாட்டார். மீன் கூடையின் விளிம்பால் கம்பியில் ஒரு தட்டு, அவ்வளவுதான். அன்றைக்குக் கேட்டது கைச் சத்தம். வழக்கமாக அந்த நேரத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடும் பூனை, படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

வெளியே அஞ்சலாட்சி அம்மாளின் மகள் தேவகி நின்றிருந்தாள். தலை வாராமல், செருப்பில்லாமல்.

"தாத்தா, அம்மா பூடுச்சி."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "எங்க பூடுச்சி?" என்று கேட்டேன்.

"நேத்து காலைல கரையில மீன் ஏலம் எடுக்க சொல்லோ நெஞ்ச புடிச்சிக்கினு குந்திச்சி. அவ்ளோதான். இன்னிக்கி மத்தியானம் எடுக்கறோம். உங்ககிட்ட இத குடுத்துடணும்னுதான் ஓடியாந்தேன்."

கம்பிக்குள் கையை நீட்டி என் உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்தாள். நீல நிற வலை நூலில் கட்டிய சாவி. அம்மாளின் சுருக்குப்பையில் இருந்ததாம். எங்கள் வீட்டுக் கதவின் சாவிதான் அது. வைத்துவிட்டு வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டாள். 'கதவைத் திறந்துவிட்டுப் போம்மா' என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆட்டோ சத்தம் அடங்கிய பிறகுதான் தோன்றியது. சாவி என் கையில், பூட்டு வெளிப்பக்கம். உள்ளிருந்து கை போகாதபடி பூட்டுக்குமேல் ஒரு தகடு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். குரல் கொடுத்துப் பார்த்தேன், தெருவில் ஆளில்லை; போனையும் யாரும் எடுக்கவில்லை. மத்தியானம் அவரை எடுத்தார்கள். நான் போகவில்லை. போக முடியவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சுமதி எழுதுகிறாள். பதினாறாம் நாள் காரியத்தன்று குப்பத்தில் யாராவது இதைப் படித்துக் காட்டட்டும். அந்த அம்மாள் இருந்தவரை அவரை 'வா, போ' என்றுதான் பேசினேன். அவரும் என்னை அப்படித்தான் பேசினார். எழுத்திலாவது 'அவர்' என்று போடச் சொல்லியிருக்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலோரக் குப்பத்திலிருந்து அபிஷேகப்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, தெருத் தெருவாகத் தலைச்சுமையாக மீன் விற்றவர். ஒல்லியான உடம்பு, பெரிய குரல். முன்னாலேயே அவர் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தாலும், நான் அவர் முகத்தைப் பார்த்தது என்னை வைத்துப் பூட்ட ஆரம்பித்த பிறகுதான்.

பூட்டியது எதற்கென்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் கழனி பார்க்கத் தனியாகப் போய் வாய்க்காலில் விழுந்தேன். இடுப்பு எலும்பு உடைந்து அரை நாள் சேற்றில் கிடந்தேன். இரும்புக் கம்பி வைத்து எழுப்பி நிறுத்தினார்கள். நடக்க முடிந்ததும் மறுபடியும் கழனிக்குக் கிளம்பினேன். மகன் கம்பெனி வேலைக்குப் போகிறவன், சுமதி காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். என் வீட்டுக்காரி போய் வெகுநாள் ஆகிறது. யார் என்னைப் பார்த்துக்கொள்வது? ஒன்பது மணிக்குப் பூட்டு விழும், ஆறு மணிக்குத் திறக்கும். பயத்தில் போட்ட பூட்டு அது. பயத்தில் போட்டாலும் பூட்டு பூட்டுதான்.

உள்ளே நானும் செவலையும். பேத்தி எடுத்துவந்த ஆண் பூனை. காயடித்து, ஊசி போட்டு, பாக்கெட் தீனி வாங்கிவைத்துவிட்டு அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள். நிறத்தைப் பார்த்து என் பழைய உழவுமாட்டின் பெயரை வைத்தேன். பாம்பு வருகிறதென்று கிரில் முழுக்க மகன் கம்பிவலை அடித்திருந்தான். கதவில் மட்டும், கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அதனால் பூனைக்கும் வெளியில் போக வழி கிடையாது.

முதல் நாள் நான் அதற்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே கூடை வந்து நின்றது.

"இன்னா பெரியவரே, பூனைக்கு பாலா ஊத்துற?"

"பூனைக்குப் பால் ஊத்தாம சாராயமா ஊத்துவாங்க?"

"சாராயம் ஊத்தினாலாவது தூங்கும். அது இன்னா கன்னுக்குட்டியா? வாலுக்கடியில பாரு, பேதியாவுது."

பார்த்தேன். ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அவர்தான் எனக்கு வாத்தியார். எனக்கு மாட்டைத் தெரியும். எந்தப் புண்ணாக்கு எந்த மாட்டுக்கு என்று மோந்து பார்த்தே சொல்வேன். பூனையைத் தெரியாது. தீனிப் பாக்கெட்டில் பூனைப் படம் மட்டும்தான் எனக்குப் புரியும். அம்மாளுக்கும் படிப்பில்லை. ஆனால் மீன் இறங்கும் கரையில் பூனைகளோடு வளர்ந்தவர். காரப்பொடி மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து ஐந்தாறு எடுத்துச் சந்து வழியாக நீட்டுவார். "உப்பு போடாத, மொளகா போடாத, வெங்காயம் கிட்டவே காட்டாத. வெறும் தண்ணில வேகவச்சி முள்ளு எடுத்துட்டு, வெந்த தண்ணியோட வை. வெந்த முள்ளு ஊசி மாரி, தொண்டையில நிக்கும்." கருவாடு என்றாலே அவருக்குக் கோபம் வரும். அவர் வீட்டுக் கடுவன் பூனை கருவாட்டைத் தின்றே, ஒன்றுக்குப் போக முடியாமல் அடைத்துச் செத்ததாம்.

பக்கத்து வீட்டம்மா ஒருநாள், "கெட்டுப்போன மீன் இருந்தா போட்டுட்டு போயேன், பூனைக்குத்தான" என்று சொல்லிவிட்டார்.

"நீ துன்னாதத அது மட்டும் துன்னணுமா?" என்றார் அம்மாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

மீன் விற்கிறவர் என்னிடம் மீன் விற்க மறுத்ததுதான் எனக்கு மறக்காது. "இன்னிக்கி கெடையாது. தெனமும் மீனே போட்டா ஒடம்புக்கு ஆவாது. கோழி ஈரல் ஒரு துண்டு, வாரத்துக்கு ஒருவாட்டி. மத்த நாளு அந்த பாக்கெட்டு தீனிய தண்ணில ஊறவச்சி போடு. பூனைக்கு தாகம் தெரியாது பெரியவரே, நாமதான் சோத்தோட தண்ணி குடுக்கணும்."

"மீன்காரி மீன் வாங்காதன்னா வெளங்குமா?"

"வெளங்காட்டி போவுது. நாளைக்கி வந்தா அது என் மூஞ்ச பாக்கும்ல?"

இத்தனை சொல்லியும் ஊறவைக்கிற வேலையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை. வைக்கோலை ஊறவைத்தா மாட்டுக்குப் போடுகிறோம்? வைக்கோல் தனி, தொட்டித் தண்ணீர் தனி. பூனைக்கும் அது போதும் என்று நினைத்தேன். மாட்டுக்காரன் புத்தி.

அதற்குப் பிறகு வந்தது அந்தப் புரட்டாசி. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. சுமதிக்குப் பெருமாள் வேண்டுதல். மீன் வாசனை வாசலுக்குக்கூட வரக்கூடாது. பூனைக்குக் காலையில் தயிர்சோறு. அது திரும்பிக்கூடப் பார்க்காது. பிறகு நான் காய்ந்த தீனியை அள்ளிப் போடுவேன். மீன் தண்ணீரும் நின்றுபோனது. இதில் சுமதியின் தப்பைவிட என் தப்பு பெரிது.

புரட்டாசியில் அம்மாளுக்கு எங்கள் தெருவில் வியாபாரம் இல்லை. மாதா கோயில் தெருவுக்குப் போகிற வழியில், வாசலில் இருந்தபடியே ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் குரல் கொடுத்தவர் போகாமல் நின்றார். செவலை மணல் தட்டில் போய்க் குந்தியது. எழுந்தது. திரும்பவும் குந்தியது. வாயைத் திறந்தது, கத்தல் பாதிதான் வந்தது.

"எப்பலேந்து இப்டி பண்ணுது?"

"காலைலேந்து. மலச்சிக்கல்னு நெனச்சேன்."

"மலமும் இல்ல, சிக்கலும் இல்ல. ஒண்ணுக்கு அடைச்சிருக்கு. எங்க கடுவன் இப்டித்தான் போச்சு. சாயங்காலம் வரைக்கும் தாங்காது. கதவ தொற."

"சாவி சுமதிகிட்ட."

"உள்ள ஒண்ணு வச்சிருப்பீங்கல்ல?"

"இல்ல."

பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் சொல்ல முடியாது. என் போனில் ஒன்றை அழுத்தினால் மகன், இரண்டை அழுத்தினால் சுமதி. மகன் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சுமதியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அம்மாள் கூடையை இறக்கினார். கூடையிலிருந்த மீனையெல்லாம் எங்கள் படியில் ஒரு சாக்கை விரித்துக் கொட்டினார். செதில் வெட்டும் கத்திரியை எடுத்துக் கம்பிவலையைக் கீழிருந்து ஒரு முழம் வெட்டினார். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே பூனை போகும், மனிதன் போகமாட்டான். நான் உள்ளிருந்து தள்ள, அவர் வெளியிலிருந்து வாங்கி, கூடையில் வைத்து, மீனை மூடிவரும் சின்னக் கூடையால் மூடி, பாகூர் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார்.

மணி பதினொன்று. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. பூனை இருக்கிறதா செத்ததா என்று கேட்க ஆளில்லை. படியில் கிடந்த மீனைக் காக்காய் இழுத்தது. நான் உள்ளிருந்து 'சூ, சூ' என்றேன். அது என்னை மதிக்கவில்லை. கம்பிக்குள் இருப்பவனை எதற்கு மதிக்கவேண்டும்? வெயில் ஏற ஏற மீன் நாறியது. வெட்டின வலையின் ஓட்டை முன்னால் உட்கார்ந்து என் தலையை வைத்து அளந்து பார்த்தேன். தலை போகவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தால் இந்தக் கதவுக்கு வெளியில் நின்று யார் என்ன செய்வார்கள் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தேன்.

நாலு மணிக்கு வந்தார். கூடையைத் திறந்து காட்டினார். செவலை மயக்கத்தில் கிடந்தது, வயிறு ஏறி இறங்கியது.

"குழாய் வச்சி எடுத்தாரு டாக்டரு. தண்ணி பத்தலியாம், காஞ்ச தீனியே போட்டா இப்டி ஆவுமாம். நாளைக்கும் எத்தினு வரணும்."

அந்த நிலையில் ஓட்டை வழியாகத் தள்ளவேண்டாம் என்று கூடையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆறு மணிவரைக்கும் அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மாதா கோயில் தெரு வியாபாரமும் போயிற்று. 

சுமதி வந்தாள். படியில் மீன், வாசலில் மீன்காரம்மா, வலையில் ஓட்டை.

"இன்னா இது அநியாயம்! பொரட்டாசி மாசத்துல வாசல்ல மீன கொட்டி வச்சிருக்கீங்க? வூட்டு வலைய வெட்ட உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

அம்மாள் எழுந்திருக்கவில்லை.

"பெருமாளுக்கு வேண்டிக்கினது நீ. இந்த வாயில்லாதது இன்னா வேண்டிக்கிச்சி? அத விடு. பூனைக்கு ஒரு ஓட்ட போட்டு வெளிய எடுத்தேன். பெரியவருக்கு ஒண்ணுன்னா எந்த ஓட்ட போட்டு எடுக்கறது? நீயே சொல்லுமா. எனக்கு தெரியல, அதான் கேக்கறேன்."

சுமதி பையிலிருந்து சாவியை எடுத்தாள். கதவைத் திறந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். இதையும் அப்படியே எழுதச் சொன்னேன். எழுதுகிறாள்.

மறுநாள் காலையில் இன்னொரு சாவியை அம்மாள் கையில் கொடுத்தது சுமதிதான். எங்கள் வீட்டுச் சாவி ஒரு மீன்காரம்மாவிடம் இருப்பதைத் தெரு பேசியது. பேசட்டும் என்றாள். அம்மாள் அதை வலை நூலில் கோத்துச் சுருக்குப்பையில் போட்டார். அதே நூலால், வலைக்குப் போடுகிற முடிச்சுகளாகப் போட்டு, வெட்டின இடத்தைத் தைத்தும் கொடுத்தார்.

அதிலிருந்து பதினொன்று முதல் பதினொன்றரை வரை நான் வெளியே. அவர் படியில் உட்கார்ந்து செவலையின் தண்ணீர்ச் சட்டியைப் பார்ப்பார், தீனி ஊறியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார். நான் கம்பை ஊன்றித் தெருமுனைவரை போய் வருவேன். அங்கிருந்து என் கழனி தெரியும். திரும்பி வந்ததும் பூட்டவேண்டும். பூட்டும்போது அவர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஒருநாள் சொன்னார்: "மீன வலையில புடிக்கறது எங்க பொழப்பு. மனுசன உள்ள வச்சி பூட்டற வேலைய ஏன் பெரியவரே எனக்கு குடுத்தீங்க?"

அவர் கடைசியாக வந்தது புதன்கிழமை. "நாளைக்கி ஈரல் முறை. நான் வந்தா மீன் கேக்காத" என்று சொல்லிவிட்டுப் பூட்டிவிட்டுப் போனார். வியாழக்கிழமை நான் மீன் கேட்கவில்லை. அவர் வரவும் இல்லை.

இதோடு நான்கு நாள் ஆகிறது. பதினோரு மணி ஆனால் செவலை அந்த நூல் முடிச்சுகளில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் சுமதி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "மாமா, பூட்ட உள்பக்கமா மாத்திடட்டுமா?" என்று கேட்டாள். கேட்டதையும் எழுது என்றேன். நான் திரும்பவும் வாய்க்காலில் விழுவேன் என்கிற பயம் அவள் குரலில் அப்படியே இருந்தது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. சரி என்று சொல்லிவிட்டேன்.

அஞ்சலாட்சி அம்மா, உங்களை எடுத்த அன்றைக்கு என்னால் வரமுடியவில்லை. காரியத்துக்கு வருகிறேன். கதவை நானே திறந்துகொண்டு வருகிறேன். இன்று காலையில் சுமதியே கடைக்குப் போய், செவுள் தூக்கிப் பார்த்துக் காரப்பொடி வாங்கிவந்தாள். அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறது. போய் வாருங்கள் அம்மா. உப்புப் போடவில்லை.