மாமாவை யாரும் ஏசவில்லை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மொன்றியலில் லாசால் பக்கம் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். நான், என் கணவர், ஊரிலிருந்து கொழும்பு வழியாக அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த என் மாமா, அதாவது கணவரின் அப்பா. வீட்டில் மூன்று பேர். பின்பக்கக் கராஜில் நாலாவதாக ஒருத்தி இருந்தாள். அவளை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன்.

சக்களத்தி என்றால் கார். அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்தது. நீண்ட மூக்கு, எட்டுச் சிலிண்டர் எஞ்சின். ஸ்டார்ட் பண்ணினால் எங்கள் குசினி அலுமாரியில் தேத்தண்ணிக் கோப்பைகள் கிலுகிலுக்கும். இந்த வகைக்கு இங்கே 'மசில் கார்' என்று பெயர். பத்தொன்பது வயதில் தனியாக இந்த நாட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே என் கணவருக்கு அப்படி ஒன்றின் மேல் கண். விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்ததும் ஒரு பழையதைத் தேடிப்பிடித்து வாங்கிவிட்டார். குளிருக்குக் காலில் போட எனக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்க மட்டும் பத்துக் கடை ஏறி இறங்குவார்.

வாங்கினதோடு நிற்கவில்லை. நகரத்துக்கு வடக்கே மலைப்பக்கத்தில் ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. சில நாட்களில் எங்களைப் போன்றவர்களும் கட்டணம் கட்டிச் சொந்தக் காரை அதில் ஓட்டலாம். அங்கே ஒருநாள் ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அந்தக் காலத்துக் கார்களுக்கு ஓடத் தெரியுமே தவிர நிற்கத் தெரியாது, வளையவும் தெரியாது. அதனால் முன் சில்லுகளில் இருந்த பழைய டிரம் பிறேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிறேக், அதாவது சில்லோடு சுழலும் இரும்புத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பிறேக், போட்டார். ஸ்பிரிங்குகளை மாற்றினார். சொக் அப்சோபர்களை மாற்றினார். வளைவில் கார் ஒருபக்கம் சரியாமல் பிடிக்க ஒரு தடித்த இரும்புத் தண்டும் பூட்டினார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மாமா வந்த புதிதில் கராஜை எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, செத்த இரும்புக்கு வைத்தியமோ?" என்று கேட்டார். மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்பாவும் மகனும் பத்து வருடத்துக்கு மேல் ஒருவரையொருவர் காணாதவர்கள். விட்டுப் போகும்போது மீசை முளைத்தும் முளைக்காத பெடியன், இப்போது முன்மயிர் கொட்டின ஆள். இருவருக்கும் என்ன கதைப்பது என்று தெரியாது. சாப்பாட்டு மேசையில் குளிரைப் பற்றிக் கதைப்பார்கள், பிறகு மழையைப் பற்றிக் கதைப்பார்கள். நடுவில் இருந்து நான்தான் கறியைத் தள்ளித் தள்ளி வைப்பேன்.

அவர்களைச் சேர்த்து வைத்தது சக்களத்திதான். பிறேக் குழாய்களுக்குள் காற்றுப் புகுந்தால் பிறேக் சரியாகப் பிடிக்காது. அந்தக் காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆசனத்தில் இருந்து பெடலை அமத்த, மற்றவர் கீழே படுத்துக் கிடந்து குழாயைத் திறந்து மூட வேண்டும். வழக்கமாக என் கால்தான் அமத்தும். அன்றைக்கு நான் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்ததால் மாமாவைப் போகச் சொன்னேன். "அமத்துங்கோ அப்பா." "பிடிச்சுக்கொண்டிருங்கோ." "இப்ப விடுங்கோ." குசினி ஜன்னலால் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் கேட்டது. வந்த நாளிலிருந்து இருவரும் அவ்வளவு கதைத்ததில்லை. அன்றிலிருந்து அந்த வேலை மாமாவுடையதாகிவிட்டது. பின்னேரம் ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதற்கு மேல் மகனின் பழைய குளிர்ச்சட்டையையும் மாட்டிக்கொண்டு கராஜுக்குப் போய்விடுவார்.

நவராத்திரி வந்தது. பந்தயப் பாதையில் அந்த வருடத்துக்குக் கடைசி ஓட்ட நாளும் அந்தக் கிழமைதான். கணவருக்குத் தொழிற்சாலையில் மேலதிக வேலை. முன் சில்லுகள் இரண்டும் புது ரயர் போடக் கடைக்குப் போயிருந்தன. அதனால் பிறேக் தட்டுகள் வெறுமனே தெரிந்தபடி கிடந்தன. விடாத மழை வேறு. இரும்புத் தட்டு ஈரக் காற்றில் ஓரிரவிலேயே செம்மஞ்சளாகத் துருவேறிவிடும். பிறேக்கைப் பிடித்தவுடன் அந்தத் துரு தானாகவே உரிந்து போய்விடும் என்பது மாமாவுக்குத் தெரியாது.

மாமாவுக்குத் தெரிந்தது வேறு. அவர் கடற்கரை ஊர்க்காரர். உப்புக் காற்றில் எண்ணெய் காட்டாத இரும்பு நிலைக்காது. ஆயுத பூசைக்கு முதல் நாள் கத்தி, மண்வெட்டி, சைக்கிள் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் பூசித்தான் வீட்டில் பொட்டு வைப்பார்கள். மகன் நட்டு முடுக்கும் சாவிகளை எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அழகாக அடுக்கினார். பிறகு கராஜுக்குப் போய், பிறேக் தட்டுகளில் இருந்த துருவைத் தேய்த்து எடுத்து, பழைய வேட்டித் துண்டால் நல்லெண்ணெய் பூசிவிட்டு வந்தார். அதை யாருக்கும் சொல்லவில்லை. செய்த நன்மையைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பது அவர் குணம்.

ஓட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் கணவர் களைத்து விழுந்து வந்து சில்லுகளைப் பூட்டினார். தட்டுகள் மினுங்குவதைக் கண்டு, அப்பா துரு துடைத்திருக்கிறார் போல என்று என்னிடம் சந்தோசமாகச் சொன்னார். மறுநாள் காலை அவருடன் வேலை செய்யும் கியூபெக்காரர் ஒருவர் தன் ரக் லொறியில் இழுவை வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார். காரை அதில் ஏற்றிக்கொண்டு போனோம். றோட்டில் ஓடியிருந்தால் பிறேக்கின் கோளாறு வழியிலேயே தெரிந்திருக்கும். ஏற்றிக்கொண்டு போனதால் தெரியவில்லை.

மலை முழுக்க மேப்பிள் இலை சிவந்து கிடந்தது. நானும் மாமாவும் கம்பி வேலிக்குப் பின்னால் நின்றோம். மாமா தன் மகனைப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரருக்கெல்லாம் சைகையால் காட்டிக்கொண்டிருந்தார். முதல் சுற்று மெதுவாகப் போனது, பிறேக்குக்கு வேலையே வரவில்லை. இரண்டாவது சுற்றில் நேர்ப்பாதையில் அந்த எஞ்சின் உறுமிக்கொண்டு வந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பாதை முடிந்து வளைவு வந்தது. கார் வேகம் குறையவில்லை. பெடல் கல்லுப்போல நின்றது, ஆனால் முன் சில்லுகள் பிடிக்கவே இல்லை என்று பிறகு சொன்னார். பின் பிறேக் மட்டும் இறுகப் பிடித்ததால் கார் பம்பரம் மாதிரிச் சுழன்று, புல்லுக்குள் பாய்ந்து, அடுக்கியிருந்த ரயர்களில் பக்கவாட்டாக மோதி நின்றது.

மாமா வேலிக் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. வாய் மட்டும் முருகா முருகா என்றது.  கதவு திறந்து, இடது தோளைப் பிடித்துக்கொண்டு இவர் இறங்கியதைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது. எலும்பு முறியவில்லை. கடவுள் காப்பாற்றினார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

காரை இழுத்து வந்து அந்தக் கியூபெக் நண்பர் முன் சில்லைக் கழற்றினார். புகை வந்தது. அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, இங்கே யார் பொரித்தது என்று கேட்டார். இவர் குனிந்து தட்டில் விரலை வைத்து மணந்து பார்த்தார். எனக்கு அந்தத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. கருகின நல்லெண்ணெய் மணத்துக்கு எங்களுக்கு விளக்கம் வேண்டுமா? தட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டிய பிறேக் கட்டைகள் எண்ணெயைக் குடித்து வழுக்கியிருக்கின்றன. இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மாமா ரக்குக்குள் இருந்து, தேத்தண்ணியைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்குச் சொல்லாதையும். மனுசன் உடைஞ்சு போவார்," என்று இவர் என்னிடம் மெல்லமாகச் சொன்னார். பிறகு ரக்கடிக்குப் போய், "நான்தான் கொஞ்சம் வேகமா விட்டிட்டன் அப்பா. என்ரை பிழை," என்றார். எவ்வளவு நல்ல மனிதருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று அந்த நேரம் எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு இவர் கராஜுக்கு ஒரு பூட்டுப் போட்டார். கள்ளர் பயம் என்றார். புதுப் பிறேக் கட்டைகள் போட்டுக் காற்று எடுக்கும் நாளில் பெடல் அமத்த என்னைக் கூப்பிட்டார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "பேந்து கூப்பிடுறன் அப்பா, நீங்கள் உள்ளுக்கை இருங்கோ, குளிருது," என்று இவர் அன்பாகத்தான் சொன்னார். அந்தப் 'பேந்து' என்ற நாள் வரவே இல்லை.

ஒருநாள் குப்பை வாளியில் கிடந்த பழைய பிறேக் கட்டையை மாமா எடுத்து மணந்து பார்த்திருக்கிறார். நான் தனியாக இருந்தபோது குசினிக்கு வந்தார்.

"பிள்ளை, நான் பூசின எண்ணெயாலைதானே?"

"இல்லை மாமா. மழை ஈரம்."

"ஓம்," என்றார். என் பொய்யை மரியாதையாக வாங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் அந்தக் கேள்விகள் தொடங்கின. பிள்ளை, ஜன்னலைத் திறக்கலாமோ? இந்த அடுப்பைப் பத்த வைக்கலாமோ? இந்தத் துவாயிலை கை துடைக்கலாமோ? தேத்தண்ணி ஊற்றினால் கோப்பையைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்து, சரியா என்று என் முகத்தைப் பார்ப்பார். நான் ஓம் மாமா, ஓம் மாமா என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே நொந்தது. நாங்கள் எவ்வளவு பணிவாக நடந்தோமோ அவ்வளவுக்கு அவர் ஒதுங்கினார். தந்தையும் மகனும் திரும்பவும் குளிரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

பனி கரைந்ததும் ரொறன்ரோவில் இருந்த மகளிடம் போகப்போவதாகச் சொன்னார். இவர் மறித்துப் பார்த்தார். "கொஞ்ச நாள் இருந்திட்டு வாறன் தம்பி," என்று போனவர் திரும்பி வந்து எங்களோடு இருக்கவில்லை. அந்தக் கோடையிலேயே இவர் காரை விற்றுவிட்டார். சக்களத்தி போனாளே என்று எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சில வருடங்களில் மாமா ரொறன்ரோவில் காலமானார். செத்தவீட்டில் என் மச்சாள், மாமாவின் மகள், என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்பாவை நாள் தவறாமல் ஏசினேனே என்றாள். கம்பளிச் சட்டையைச் சுடுதண்ணியில் துவைத்துக் குழந்தைச் சட்டையாக்கிவிட்டாராம். ரியூலிப் பூச்செடியின் முளைகளைப் புல்லென்று பிடுங்கி எறிந்துவிட்டாராம். இவள் கத்துவாளாம். அவரும் விடாமல் திருப்பிக் கத்துவாராம். பிறகு சிரித்துக்கொண்டு அவளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போடுவாராம். "அவ்வளவு ஏச்சும் வாங்கிக்கொண்டு என்னோடையே கிடந்தார் அண்ணி," என்றாள்.

மொன்றியலுக்குத் திரும்பும் வழியில் இவர் கிங்ஸ்ரனில் பெற்றோல் அடிக்க நிறுத்தினார். பிறகு, "அவள் குடுத்து வைச்சவள்," என்றார்.

அன்றைக்குப் பந்தயப் பாதையிலேயே, என்ன வேலை பார்த்தீங்கள் அப்பா, என்னைக் கொல்லப் பார்த்தீங்களோ என்று இவர் ஒரு சத்தம் போட்டிருந்தால், கிழவர் அழுதிருப்பார், நானும் அழுதிருப்பேன், அடுத்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்து அந்தத் தட்டுகளைக் கழுவியிருப்பார்கள். நாங்கள் அவர் மனம் நோகக் கூடாதென்று பார்த்துப் பார்த்து, அவரை வீட்டுக்கு வந்த விருந்தாளியாக்கிவிட்டோம். இப்போதெல்லாம் வீட்டில் யாராவது ஒன்றைக் கெடுத்துவிட்டால் நான் மூடி மறைப்பதில்லை, நேரே ஏசிவிடுகிறேன். ஏசி முடித்த ஒவ்வொரு முறையும், இதை ஒருநாளாவது அந்த மனிதருக்குக் கொடுத்திருக்கலாமே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.