பிராகோ அக்கா ஏற்க மறுத்த பழி

பெசெக்ரோம் சந்தையில் புகையில் வாட்டிய மீன் விற்றவள் பிராகோ அக்கா. அரண்மனையில் அவள்தான் ராணித்தாயின் வாய். ஊருக்குத் தலைவியான எங்கள் ராணித்தாய் அஜியாகொமாவை மரியாதையாக நானா என்போம். அவர் சபையில் உட்கார்ந்தால் யாரிடமும் நேராகப் பேசமாட்டார். அவர் மெல்லச் சொல்வதை, பொன்தகடு போர்த்திய கோலைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கும் அக்கா உரக்கச் சொல்வாள். சொல்லும்போதே அதற்கு நகை பூட்டிவிடுவாள். 'போகச் சொல்' என்று அவர் முணுமுணுத்தால், 'உன் வீட்டில் உனக்காக அடுப்பு எரிகிறது, இருட்டுவதற்குள் போய்ச் சேர் என்கிறார் நானா' என்று அக்காவிடமிருந்து வரும். விரட்டப்பட்டவன்கூட வாழ்த்து வாங்கியவனைப் போல எழுந்து போவான்.

அந்த வேலையில் அக்காவுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்துக் கடையில் கீரை விற்ற எனக்கு அது தெரியும். யாராவது பேரம் பேசி வம்பு பண்ணினால், "ராணித்தாய் சொல்லையே நான் அளந்துதான் குடுக்கறேன். மீனை அள்ளிக் குடுப்பேனா?" என்பாள்.

அந்த வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. சபையில் நல்ல வார்த்தை வந்தால் அது நானாவின் பெருமை. வேண்டாத வார்த்தை விழுந்துவிட்டால் அது கோல் பிடித்தவளின் நாக்குப் பிசகு. அப்படி எத்தனையோ பிசகுகளைத் தன்மேல் போட்டுக்கொண்டு அக்கா மண்டியிட்டிருக்கிறாள். வெளியே வந்ததும் புடவையைப் போல் சுற்றிய துணியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுச் சிரிப்பாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ராணித்தாயின் ஒரே மகள் பினாமாங். எங்களுக்கு எல்லாமே தாய்வழிதான். அடுத்த ராணித்தாய் அவள்தான் என்று ஊரே நினைத்திருந்தது. அவள் ஒருநாள் அரண்மனை பார்த்துக் கட்டிவைத்த கணவனை விட்டுக் கிளம்பிவிட்டாள். குமாசி நகரத்துக்குப் போய் வானொலியில் பேசினாள். அவன் தன்னை அடித்தான், அது அரண்மனைக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு குடும்பம் நடத்து என்றுதான் சொன்னார்கள் என்றாள். சந்தையில் எல்லா ரேடியோவிலும் அவள் குரல்தான். நாங்கள் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கேட்டோம்.

சபை கூடியது. பினாமாங்கை வரவழைத்து நடுவில் நிறுத்தினார்கள். ராணித்தாய் அக்காவின் காதில் ஏதோ சொன்னார். அக்கா அதை நகை எதுவும் பூட்டாமல் சொன்னாள்.

"இந்தப் பொய் பேசற வாயை நான் பெறலை. இவளுக்கு இங்க வீடு கெடையாது."

பினாமாங் அக்காவைப் பார்க்கவில்லை, தாயைத்தான் பார்த்தாள். அப்படியே திரும்பி நடந்தாள். குமாசியில் துணி தைத்துப் பிழைத்தாள். அரண்மனையில் அவள் அறையை விழாக் குடைகள் வைக்கும் இடமாக்கினார்கள். அவள் பெயரை யாரும் எடுக்கக்கூடாது என்று ஆயிற்று. வருடங்கள் ஓடின.

அந்தக் கணவனின் அடுத்த மனைவி கை முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்; போலீஸ் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஊருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ராணித்தாய்க்கும் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. அடுத்தவளாக யாரைச் சொல்வது என்று சபை தவித்தது. பினாமாங்குக்கு ஆள் அனுப்பினார்கள். பெறவில்லை என்று சொன்ன வார்த்தைக்கு முதலில் பதில் வேண்டும் என்று அவள் சொல்லியனுப்பினாள்.

சபையின் மூத்தவர் அத்தாகோரா சமாதானம் பேசப் போகிறவர்கள் வழக்கமாகக் கொண்டுபோகும் ஜின் சாராய பாட்டிலோடு அக்காவின் மீன்கடைக்கே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். பக்கத்துக் கடையிலிருந்து நான் எழுந்து போகவில்லை.

"தங்கச்சி, உனக்குத் தெரியாத வழக்கமா? நாக்குப் பிசகிடுச்சுன்னு சொல்லிடு. நானா உன்னை மன்னிப்பாங்க, ஒரு ஆட்டை வெட்டுவோம், எல்லாருமா சாப்பிடுவோம். பொண்ணு வீட்டுக்கு வந்துடுவா."

அக்கா மீனைத் திருப்பி வைத்துக்கொண்டே கேட்டாள். "அண்ணே, அந்தப் பொண்ணு என்னைப் பத்தி எதாவது கேட்டுச்சா?"

"இல்லை."

"அவங்கம்மாவைத்தான் கேட்டிருக்கு. நான் பிசகினேன்னு சொன்னா என்ன ஆகும்? அம்மா ஒண்ணுமே சொல்லலைன்னு ஆகும். அந்தப் புள்ள இத்தன வருஷம் சும்மா அழுதுச்சுன்னு ஆகும். வேற எந்தப் பழியா இருந்தாலும் தூக்கிட்டு வாங்க, சுமக்கறேன். இது என்னோடதில்லை."

அவர் பாட்டிலை வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். அக்கா அதையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

அன்றே அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா கோலையும் எடுத்துக்கொண்டு போனாள், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. உள்ளே நடந்ததை அவளே பிற்பாடு எனக்குச் சொன்னாள். ராணித்தாய் கட்டிலில் சாய்ந்திருந்தாராம். இவ்வளவு காலம் சுமந்தவளுக்கு இது ஒன்று கனக்கிறதா என்று கேட்டாராம். அக்கா கோலை அவர் காலடியில் வைத்தாள்.

"நானா, அன்னைக்கு நீங்க சொன்னதுக்கு என்னால பூச்சு பூச முடியலை. இன்னைக்கும் முடியலை. கோபம் உங்களோடது. வருத்தமும் உங்களோடதா இருந்தாத்தான் அவ நம்புவா."

ராணித்தாய், கோலை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை சபைக்கு வா என்று மட்டும் சொன்னாராம். அக்கா அந்த வாரம் முழுக்க மீன் வாங்க வந்தவர்களிடம் எரிந்து விழுந்தாள்.

வெள்ளிக்கிழமை முற்றம் நிறைந்துவிட்டது. பினாமாங் சாதாரணத் துணி கட்டி வந்து, தனக்குக் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். ராணித்தாய் அக்காவின் பக்கம் திரும்புவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் அக்காவை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு தானே பேசினார்.

எங்களில் பாதிப் பேர் அதற்கு முன் அந்தக் குரலைக் கேட்டதில்லை. சன்னமான, கரகரத்த குரல். பின்னால் நின்றவர்கள் என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று முன்னால் நின்றவர்களைப் பிடுங்கினார்கள். நான் முன்னால் நின்றேன்.

"நான்தான் சொன்னேன். இவ நாக்கு பிசகலை. உன் முதுகை நான் பார்த்திருக்கேன். பார்த்துட்டுத்தான் வாயை மூடிக்கோன்னு சொன்னேன். ஊர் என்ன பேசும்னு பயந்தேன்."

பினாமாங் அழவில்லை. "இது எனக்குப் போதும்மா. ஆனா வானொலியில நான் சொன்னது பொய்னு இங்க உரக்கத்தானே சொன்னாங்க? உண்மைன்னும் உரக்கச் சொல்லணும்" என்றாள்.

சபையில் சலசலப்பு. அரண்மனையின் மானம் என்ன ஆவது என்று அத்தாகோரா எழுந்தார். ராணித்தாய் அவரைப் பார்க்கவே இல்லை. அக்காவின் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

அக்கா எழுந்து கோலை ஊன்றினாள். தெருமுனை வரை கேட்கிற குரலில் சொன்னாள். "பினாமாங் சொன்னது உண்மை. அவளை அடிச்சாங்க. இந்த வீட்டுக்குத் தெரியும். இந்த வீடு பேசாம இருந்தது. அது தப்புன்னு நானா சொல்றாங்க." ஒரு சொல்லையும் அவள் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்போதுதான் பினாமாங் தண்ணீரைக் குடித்தாள்.

மானம் போய்விட்டது என்று சில பெரியவர்கள் மாதக்கணக்கில் புலம்பினார்கள். ஆனால் அந்த வருடத்திலிருந்து சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் அடிபட்ட வழக்குகளை எங்கள் ராணித்தாயிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஊர்களிலும் சபை இருந்தது. எங்கள் முற்றத்துக்குத்தான் வந்தார்கள்.

பினாமாங் உடனே வந்து தங்கிவிடவில்லை. விழாவுக்கு விழா வந்தாள், தாயோடு இரண்டு நாள் இருந்தாள், சண்டையும் போட்டாள். தாய் காலமான பிறகு ராணித்தாய் ஆசனத்தில் அமர்ந்தாள். தனக்காகவும் கோலைப் பிடிக்கச் சொல்லி அக்காவைக் கேட்டாள். முழங்கால் ஒத்துழைக்காது, சின்ன வயசுக்காரி ஒருத்தியைப் பார்த்துக்கொள் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

போன விழாவில் அக்கா கோல் இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள். அரண்மனைப் பெண்கள் வரிசையின் முதலில் போய் நின்றுகொண்டாள். கோல் இல்லையே என்று அவளை இடம் மாறச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை.