திறந்த மடை

கரிக்கலாம்பாக்கத்தில் மனை பிரித்த இடத்தில் போர்வெல் போடுகிறார்கள்; ஈரக் களிமண் வாசனை. முன்பு அது கழனி. அப்பா அங்கே கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். ஆறு வயதில் நான் பக்கத்திலேயே சேற்றில் சின்ன வாய்க்கால்கள் வெட்டி, எதை அடைத்தால் தண்ணீர் எங்கே திரும்பும் என்று பார்ப்பேன். ஒன்று சரியாக வந்ததும் அடுத்ததற்கு மனம் பரபரக்கும். ஒருநாள் நிஜ மடையையே திறந்தேன். தண்ணீர் நான் நினைத்த பக்கமே பாய்ந்து, காலையில் தெளித்த விதைநெல்லை அடித்துக்கொண்டு போனது.

“இன்னாடா, உன் புள்ள இஞ்சினியராயிட்டானா?” என்றார் நிலத்துக்காரர்.

அப்பா என்னை அறைந்தார். “நீ ஒண்ணும் யோசிக்காதடா. சொன்னத மட்டும் செய்.”

அதன்பின் பள்ளியில் விடை தெரிந்தாலும் வேறு யாராவது சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது வருவதற்குள் விடை தெரிவதும் நின்றுபோனது.