சனிக்கிழமைப் பரீட்சை

சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்த பிறகு எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்குத் தெலுங்குப் பரீட்சை வந்தது. மூன்று தடவைக்குள் தேறாவிட்டால் வேலை போய்விடும். லோயிஸ் டீச்சராகிய நான் முதல் தடவையே தேறிவிட்டேன். என்னோடு வேலை பார்த்த, என்னைவிட நன்றாகத் தெலுங்கு பேசும் தாட்சாயணி இரண்டு தடவை தோற்றாள். எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கோளாறு மூளையில் இல்லை, வயிற்றில். தேறும்வரை சனிக்கிழமைதோறும் பொழுது சாயும்வரை பட்டினி இருப்பதாகத் திருப்பதிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். பரீட்சையையோ சனிக்கிழமையில்தான் வைத்தார்கள். முதல் தடவை தெலுங்கு எழுத்தெல்லாம் ஜாங்கிரியாகத் தெரிந்ததாம். இரண்டாம் தடவை, பேரை மறுபடி கேட்ட மேற்பார்வையாளரோடு சண்டை பிடித்தாள். படித்ததெல்லாம் அதோடு பறந்துவிட்டது.

அவள் புருஷன் கோவர்த்தனன் வேர்க்கடலை பயிரிடுகிறவர். "மனசுல உறுதி இருந்தா பசி இன்னா பண்ணும்? இவளுக்கு அது பத்தல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசித் தடவை வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "வீட்ல ஒருத்தர் வேண்டுதல இன்னொருத்தர் செய்யலாம்னு நீங்கதானே சொல்வீங்க? இந்தச் சனிக்கிழமை உங்க வீட்டுக்காரர் பட்டினி கெடக்கட்டுமே" என்று தாட்சாயணியிடம் அவர் எதிரிலேயே சொன்னேன்.

"இதெல்லாம் ஒரு வேலையாம்மா?" என்று கோவர்த்தனன் உடனே ஒப்புக்கொண்டார்.

பரீட்சை நடந்த சித்தூருக்கு அவர்கள் இருவரோடும் துணைக்கு நானும் போனேன். காலையில் அங்கே இருந்த என் அண்ணன் வீட்டில் தாட்சாயணி களியும் வேர்க்கடலைச் சட்னியும் சாப்பிட்டாள். முதல் உருண்டையை எடுக்குமுன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோவர்த்தனன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்து மணிக்கு அவள் உள்ளே போனாள். பத்தரைக்கு அவர் வாசலில் நின்ற பியூனோடு நிழலுக்காக வாக்குவாதம் செய்தார். பதினோரு மணிக்குள் என்னிடம் நாலு தடவை மணி கேட்டுவிட்டார். பிறகு ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்குத் தாட்சாயணி சிரித்துக்கொண்டே வந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாலு வடை துன்னுட்டேன் தாட்சாயணி. உன் வேலைய நானே கெடுத்துட்டேன்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"எனக்கு உறுதி பத்தலன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே. ரெண்டு தடவையும் நான் சாயங்காலம் வரைக்கும் தாங்கினேன், தெரியுமா?" என்றாள். கோவர்த்தனன் அவள் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

அடுத்த மாதம் தாட்சாயணி தேறிவிட்டதாகக் கடிதம் வந்தது. நாலு வடைக்கு மன்னிப்புக் கேட்கக் கோவர்த்தனன் திருமலைக்கு நடந்தே ஏறப்போவதாகச் சொன்னார். தாட்சாயணி அவரை வயிறு முட்டச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.