நாற்சந்தியில் வல்லநாட்டு வேங்கை

தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், இரும்பு ஏணி ஏறிப் போக வேண்டிய மாடியில், இசக்கிராஜுக்குப் பை தைக்கும் பட்டறை இருந்தது. பள்ளிக்கூடப் பை, லேப்டாப் பை, சங்கங்களின் விழாவுக்குப் பெயர் அச்சிட்ட துணிப்பை என்று வருஷம் முழுக்க வேலை வரும். அந்தச் சந்தில் எல்லோருக்கும் அவன் சாதுவான ஆள். தையல்காரர்களை அதட்டிப் பேச மாட்டான். ரெக்சின் கொடுக்கிற சேட் மட்டமான சரக்கை அனுப்பினாலும் முகத்தைச் சுளிப்பதோடு சரி.

கைபேசியைத் திறந்துவிட்டால் அவன் வேறு ஆள். 'நாற்சந்தி' என்ற இணையதளத்தின் அரசியல் பகுதியில் அவனுக்கு 'வல்லநாட்டு வேங்கை' என்று பெயர். வல்லநாடு அவன் அப்பாவின் ஊர். வேங்கையை அவனாகச் சேர்த்துக்கொண்டான்.

நாற்சந்தியை யாரோ மும்பைத் தமிழர்களுக்காக ஆரம்பித்தார்கள். தொடக்கத்தில் ரேஷன் கார்டில் பெயர் மாற்றுவது எப்படி, திருநெல்வேலி ரயிலுக்கு டிக்கெட் எப்போது திறக்கும் என்றெல்லாம் பேச்சு நடந்தது. அரசியல் பகுதி வந்த பிறகு மற்றப் பகுதிகளில் ஈ காக்கை கிடையாது. அங்கே இரண்டு பேர்தான் ராஜாக்கள். 'தராசு' தில்லிக் கட்சியின் ஆள். 'செங்காந்தள்' சென்னைக் கட்சியின் ஆள். ஒருவன் காலையில் ஒன்றைக் கொளுத்திப் போடுவான். மற்றவன் மத்தியானத்துக்குள் பதில் போடுவான். பொழுது சாய்வதற்குள் மும்பையில் கல்யாண் முதல் மாஹிம் வரை இருக்கிற கூட்டமெல்லாம் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு ஒருவர் பல்லை ஒருவர் உடைத்துக்கொண்டிருக்கும். இசக்கிராஜ் செங்காந்தளின் பக்கம். தையல் மிஷின்களின் சத்தத்துக்கு நடுவில், கத்தரி ஒரு கையில், கைபேசி ஒரு கையில் என்று நின்று எழுதுவான்.

அக்கா புருஷன் காளிராஜ் தராசின் பக்கம். அவர் ஒரு டெம்போ கம்பெனியில் சூப்பர்வைசர். தாராவியில் பிறந்து வளர்ந்து செம்பூரில் பிளாட் வாங்கிப் போனவர். நாற்சந்தியில் 'நேர்மை நெஞ்சன்'. மாமனும் மச்சானும் எதிரெதிர்க் கட்சி என்பது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவார்கள். திங்கட்கிழமை திட்டிக்கொள்வார்கள். தாராவியை இடித்துக் கட்டும் பேச்சு வந்தபோது அந்த வேடிக்கை கெட்டது. தாராவிக்காரனுக்குச் சுத்தம் என்றால் என்னவென்று தெரியாது என்று தராசு எழுதினான். காளிராஜ் அதற்குக் கைதட்டினார்.

அன்றைக்குச் செங்காந்தள் இசக்கிராஜுக்குத் தனிச் செய்தி அனுப்பினான். 'இந்த நேர்மை நெஞ்சன் உங்களுக்குச் சொந்தமாமே. எங்கே தொட்டால் அவனுக்கு வலிக்கும்?' என்று கேட்டிருந்தான். பெரிய எழுத்தாளன் தன்னிடம் தனியாகப் பேசுகிறானே என்ற பெருமையில் இசக்கிராஜ் சொன்னான். சொன்னதோடு நில்லாமல் தானே எழுதவும் செய்தான். காளிராஜின் அப்பா தோல் கிடங்கில் திருடி, தூணில் கட்டி வைத்து அடிபட்ட கதையை ஊரறியப் போட்டான்.

பதில் மறுநாள் வந்தது. 'பிள்ளை இல்லாதவனுக்கு வருங்காலத்தைப் பற்றி என்ன கவலை?' என்று எழுதியிருந்தார் காளிராஜ்.

அதன் கீழே சிரிப்புப் பொம்மைகளாக விழுந்து குவிந்தன. முகம் தெரியாத யார் யாரோ சிரித்தார்கள். இசக்கிராஜின் மனைவி ஸ்ரீதேவிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அந்த ஒரு வரியை அவள் எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும்வரை அவன் எதிரில் நின்றான். வாசித்துவிட்டு அவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

காளிராஜின் மகள் ஷாலினியைப் பாதி நாள் வளர்த்தது இவர்கள்தான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அக்கா பூமாரி பட்டறைக்கே வந்தாள். ஏணியில் ஏறி மூச்சு வாங்க நின்றாள்.

"தாய்மாமன் மாலை போட்டுக் கூட்டிட்டுப் போனாத்தானலே அவ மேடை ஏறணும். உங்க சண்டைய அப்புறமா வச்சுக்கிடுங்க."

"அத்தான் எழுதுனத அழிக்கச் சொல்லுக்கா. நான் வாரேன்."

"அவிய, நீ முதல்ல அழிக்கணும்னு சொல்லுதாவ."

"அப்ப அவியளே மாலை போட்டுக் கூட்டிட்டுப் போகட்டும்."

கல்யாணத்தன்று அவன் பட்டறையில் இருந்தான். ஸ்ரீதேவியும் போகவில்லை. ஷாலினி புருஷன் வீடு இருக்கும் கல்யாணுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சில மாதங்கள் கழித்து மாட்டுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் துணிப்பை ஆர்டர் வந்தது. மாதிரிப் பையை எடுத்துக்கொண்டு இசக்கிராஜ் காலையில் சங்க ஆபீசுக்குப் போனான். பழைய கட்டிடம், முதல் மாடி. கதவு திறந்திருந்தது. கமிட்டிப் பெரியவர்கள் இரண்டு பேர் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கணேசபாண்டியன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சாபகேசன் பேங்க் ஆபீசராக இருந்தவர். இருவரையும் ஆர்டர் விஷயமாக அவனுக்குத் தெரியும். அவன் வந்ததை அவர்கள் கவனிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் காரம் வேணும் ஓய்," என்றார் பஞ்சாபகேசன். "தில்லிக்காரன் செருப்பைத் தலையில வச்சிண்டு ஆடற தராசுன்னு போடறேன். நீர் அதுக்கு என்ன சொல்லுவீர்?"

"செங்காந்தள் வேர் விஷம், செங்காந்தள் வாயும் விஷம்னு ஆரம்பிக்கேன்."

"பேஷ். அத நாளைக்கு வச்சுக்கலாம். இன்னிக்கு இது ஓடட்டும்."

பஞ்சாபகேசன் தட்டினார். இசக்கிராஜின் சட்டைப் பையில் கைபேசி சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தான். செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிற தராசு என்ற வரி, செங்காந்தளின் பெயரில், அப்போதுதான் விழுந்திருந்தது.

அவன் தலை நிமிர்ந்து பார்த்தான். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் இருந்து நேந்திரங்காய் வறுவலைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"வேங்கை இப்ப பாயும் பாரும்," என்றார் கணேசபாண்டியன். "தாராவிப் பய. எதைப் போட்டாலும் முதல்ல வந்து விழுதான்."

"அவனையும் அந்த செம்பூர் ஆசாமியையும் கோத்து விட்டோமே, அதுமாதிரி அப்புறம் ஒண்ணு அமையலை ஓய். நீர் செம்பூர்க்காரன்கிட்ட வலிக்கற இடம் கேட்டீர், நான் வேங்கைகிட்ட கேட்டேன். ரெண்டும் கக்கிடுத்து."

இசக்கிராஜ் மாதிரிப் பையை மேசைமேல் வைத்தான். சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள்.

"நான்தான் வேங்கை," என்றான்.

கணேசபாண்டியனின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. பஞ்சாபகேசன் சட்டென்று சமாளித்துக்கொண்டு எழுந்தார்.

"அட, நீங்கதானா? உக்காருங்கோ, உக்காருங்கோ. என்ன அழகா எழுதறேள். காபி சொல்லட்டுமா?"

"என் அக்கா மவ கல்யாணத்துக்கு நான் போகல சார்."

"எதுக்கு இதையெல்லாம் மனசுல போட்டுக்கறேள்? ரிட்டயர் ஆன மனுஷாளுக்கு இது ஒரு டைம்பாஸ். நாங்க ரெண்டு பேரும் முப்பது வருஷ சிநேகிதாள். அரசியல்ல எங்களுக்கு எந்தப் பக்கமும் கிடையாது."

"நான் கட்சின்னு நம்பிட்டுல்லா எழுதினேன்."

கணேசபாண்டியனுக்கு இப்போது கோபம் வந்தது. "தம்பி, நாங்க கேட்டோம். சொன்னது யாரு? உங்க அத்தானோட அப்பன் அடிபட்ட கதைய நாங்களா கண்டோம்? எழுதின கை உங்க கை."

அவர் சொன்னது உண்மைதான் என்று இசக்கிராஜுக்குத் தெரிந்தது. வறுவலின் தேங்காயெண்ணெய் வாசனை அறை முழுக்க இருந்தது. பஞ்சாபகேசன் மாதிரிப் பையை எடுத்துப் பிரித்து, கைப்பிடியை இழுத்துப் பார்த்து, "எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கலாம்," என்றார். வேங்கையிடம் பேசியது முடிந்துவிட்டது, இனி பைக்காரனிடம் பேசலாம் என்பது போல.

"பை தைக்க வேற ஆளப் பாருங்க சார்," என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான். மாட்டுங்காவில் இருந்து தாராவி வரை நடந்தே வந்தான். வழியெல்லாம் காறித் துப்பிக்கொண்டு வந்தான். வாய்க்குள் எதுவும் இல்லை.

பட்டறைக்கு வந்ததும் நடந்ததை அப்படியே நாற்சந்தியில் எழுதினான். பெயர், இடம், வறுவல் உட்பட. எழுதி முடித்தபோது இதோடு இந்தக் கடை இழுத்து மூடப்படும் என்று நினைத்தான்.

செங்காந்தளை வீழ்த்த வேங்கை தில்லிக்கு விலைபோய்விட்டான் என்று ஒருவன் எழுதினான். இது சென்னைக் கட்சியின் கட்டுக்கதை என்று இன்னொருவன் எழுதினான். எனக்கு முன்பே தெரியும் என்று பலர் எழுதினார்கள். வறுவல் எந்தக் கடையில் வாங்கியது என்று ஒருவன் கேட்டதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகச் சிரிப்பு விழுந்தது. சாயங்காலம் தராசும் செங்காந்தளும் வந்து, வேங்கையின் பைத்தியத்துக்கு யார் முதலில் மருந்து கொடுப்பது என்று தங்களுக்குள் சண்டை போட்டுக் காட்டினார்கள். நாற்சந்திக்கு அந்த வாரம் போல் ஒருபோதும் கூட்டம் வந்ததில்லை. தெரிந்துகொண்டும் வந்தார்கள். நிஜமில்லை என்று தெரிந்த பிறகு இன்னும் நிம்மதியாகத் திட்டினார்கள். இசக்கிராஜ் வாசித்துக்கொண்டே இருந்தான். சாக்கடையைக் குனிந்து பார்ப்பவன் மாதிரி, மூக்கைப் பொத்திக்கொண்டும் விலகாமல். பிறகு தன் கணக்கை மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்குப் போனான். பூமாரி கதவைத் திறந்து ஒதுங்கி வழிவிட்டாள். காளிராஜ் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க வாசிச்சிருப்பீய அத்தான்."

"வாசிச்சேன்."

"அந்த ரெண்டு கிழடும் நம்மள வச்சு விளையாண்டிருக்கு."

"அவனுவ நடிச்சானுவ, சரி. எங்கப்பன தூண்ல கட்டி வச்சு அடிச்சத எழுதினியே, அது நடிப்பா?"

"இல்ல," என்றான் இசக்கிராஜ். "ஸ்ரீதேவிய எழுதினீயளே. அது?"

"உன்னத்தான எழுதினேன்."

"பிள்ள இல்லாதவன்னா நான் மட்டுமா அத்தான்?"

காளிராஜ் சுவரைப் பார்த்தார். அப்போது அவருடைய கைபேசி சத்தம் போட்டது. கை தன்னால் அதன்பக்கம் போய்விட்டது. போனதை மூன்று பேரும் பார்த்தார்கள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு பேருமே வெக்கங்கெட்ட சென்மங்க," என்றாள் பூமாரி. "ஒருத்தன் ஒருத்தன் வீட்டு அழுக்க நடுரோட்டுல கொட்டிட்டு, கொட்டச் சொன்னவனத் தேடுதீய." சாயா போட்டுக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் முன்னால் நங்கென்று வைத்தாள். குடித்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேருமே சொல்லவில்லை. கிளம்பும்போது காளிராஜ், "பிள்ளையப் போய்ப் பாரு," என்றார்.

அடுத்த வாரம் இசக்கிராஜும் ஸ்ரீதேவியும் பட்டுப்புடவையும் பழமும் வாங்கிக்கொண்டு கல்யாண் ரயில் ஏறினார்கள். ஷாலினி வாசலுக்கு ஓடிவந்தாள். "அத்தே" என்று ஸ்ரீதேவியைக் கட்டிக்கொண்டாள். அவனைப் பார்த்து, "வாங்க மாமா," என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே அவளுடைய மாமியார் மீனாட்சியம்மாள் எழுந்து வந்து கும்பிட்டார்.

"நீங்கதான் துபாய் மாமாவா? கல்யாணத்துக்கு லீவு கெடைக்கலைன்னு சம்பந்தி அம்மா அழுதாவ. அங்க உடம்புக்கும் முடியாம கெடந்தீயளாம், இவியளும் கூட இருந்து பாத்துக்கிட்டாவளாமே."

இசக்கிராஜ் ஷாலினியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்து புடவைப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூச்சம் அவளுடையதல்ல, தன்னுடையது என்று அவனுக்குப் புரிந்தது. தனக்காக அக்கா எத்தனை பேரிடம் இந்தப் பொய்யை அழுது அழுது சொல்லியிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தான்.

"ஆமாம்மா," என்றான். "அங்க ரொம்ப வெயில்."

"எப்ப வந்தீய?"

"போன வாரந்தான்."

"இனி திரும்பப் போவணுமா?"

"இல்ல. வேலைய விட்டுட்டேன்."

மீனாட்சியம்மாள் நல்லதாகப் போயிற்று என்றார். துபாயில் தண்ணீர் எப்படி, சாப்பாடு எப்படி, அரபிக்காரர்கள் மரியாதையாக நடத்துவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். பக்கத்தில் ஸ்ரீதேவி தட்டில் இருந்த முறுக்கைத் தொடாமல், அவன் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.