பஸ்ஸில் வந்த சம்பந்தியம்மா

இரண்டாயிரம் பிறந்த மறு வருஷம் என் மகளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது இரண்டு குடும்பத்துக்கும் வழக்கம். ஆனால் நங்கநல்லூர் சம்பந்தியம்மா அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"திருவொற்றியூர்ப் பக்கம் வெட்டு குத்துன்னு தினம் பேப்பர்ல வருது. உங்ககிட்ட காரும் கிடையாது. வலி எடுத்தா அந்தத் தெருவுல எப்படிங்க கூட்டிட்டுப் போவீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தத் தெருவில் நடந்து போய்த்தான் நான் மூன்று பிள்ளை பெற்று வந்தேன். "ஒரே ஒரு தபா என்கூட பஸ்ஸுல வாங்க. பாத்துட்டு அப்பால சொல்லுங்க," என்றேன். மூன்று முறை மறுத்தார். நாலாவது முறையும் போய் நின்றேன். வந்தார்.

பாரிமுனையில் பஸ் மாறினோம். நல்ல கூட்டம். சம்பந்தியம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் பையை மார்போடு அணைத்து நின்றார். ராயபுரம் தாண்டி பஸ் குலுங்கியது. காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுபோல, நிற்பவரின் பையைத் தன் மடியில் வைத்துக்கொள்ள வெடுக்கென்று இழுத்தாள்.

"ஐயோ, திருடி! பையைப் பிடுங்குறா!"

பஸ்ஸே திரும்பியது.

"ந்தா, பையத் தூக்கிகினு நான் எங்கம்மா ஓடுறது? கால் வெக்கவே எடமில்ல. வுயுந்துடப் போறியேன்னு வாங்குனேன்."

பின்னாலிருந்து ஒருத்தி, "அவ ஓடுனா கூடைய எவ தூக்குவா?" என்றாள். சிரிப்பு அடங்கவில்லை. காரியம் கெடுவதற்குள் குறுக்கே புகுந்தேன்.

"மொத தபா வராங்கக்கா, மனசுல வெச்சுக்காத," என்றேன்.

"அட வுடு. இப்புடிக் குந்து தாயி," என்று மீன்காரம்மா நகர்ந்து பாதி சீட்டைக் கொடுத்தாள். சம்பந்தியம்மா உட்கார்ந்தார். கூடையின் ஈரம் பட்டுச்சேலையில் பட்டது. எழுந்திருக்கவில்லை.

வீட்டில் காப்பி கொடுத்து, பிரசவ ஆஸ்பத்திரி வரை நடத்தியே கூட்டிப்போனேன். நாலு தெரு. வாசலுக்கு வாசல், "சம்பந்தியா? பொண்ண எப்போ கூட்டாறே?" என்று கேட்டார்கள். தெருமுனையில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி வைத்திருந்தவர், "வலி வந்தா கொரலு குடுக்கா. வண்டி ரெடியா கீது," என்றார்.

"மீன் வண்டியிலயா?" என்று சம்பந்தியம்மா நின்றுவிட்டார்.

"கயுவித்தாம்மா!" என்றார் வண்டிக்காரர்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "வளைகாப்பு முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க. மீன் வண்டி மட்டும் வேண்டாம்."

கழுவின வண்டிக்கு என்ன குறை என்று கேட்க வாய் வரை வந்தது. காரியம் முடியட்டும் என்று, "ஆட்டோ சொல்லி வெக்கறேன்," என்றேன்.